நாலு பெயரையும் சொல்லிவிட்டுப் போடுங்கள்

எழுபதுகளின் பாட்டுகளை ராத்திரி நேரத்தில் ஒலிபரப்பிவரும் பண்பலை, இணைய வானொலி நிகழ்ச்சித் தயாரிப்பாளர்களுக்கு,

வணக்கம்.

போன வாரம் ஒரு நாள் ராத்திரி, தூக்கம் வராமல் கட்டிலில் புரண்டுகொண்டிருந்தேன். தலைமாட்டில் உங்களில் ஒருவருடைய நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. நல்ல குரல் வளமுள்ள பெண். "அடுத்து வருவது இசைஞானியின் ஆரம்ப காலத்துப் பாட்டு" என்று சொல்லிவிட்டு, 'சம்சாரம் என்பது வீணை'யைப் போட்டார். எழுந்து உட்கார்ந்தே விட்டேன். "இல்லம்மா, இல்ல, அது விஜயபாஸ்கர்!" என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் படுத்திருந்த என் மனைவி, "ரேடியோவுக்கு எதுக்குப் பதில் சொல்றீங்க, அதுக்குக் காதா இருக்கு?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் சொன்னதும் சரிதான். காது இருக்கிறவர்களுக்கு எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

அந்தப் பாட்டு 'மயங்குகிறாள் ஒரு மாது' படத்தில் வருவது. படம் வந்தது 1975. எழுதியவர் கண்ணதாசன், பாடியவர் எஸ்.பி. பாலசுப்ரமணியம், இசையமைத்தவர் விஜயபாஸ்கர். 'அன்னக்கிளி' வெளியானது 1976 மே 14. இளையராஜாவின் பெயர் திரையில் இசையமைப்பாளராக வருவதற்கு முந்தைய வருஷமே இந்தப் பாட்டை ஊர் முழுக்க முணுமுணுத்தாகிவிட்டது. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் கிடைத்த பட்டியலில் என்ன இருந்ததோ அதைத்தானே வாசிப்பார். பட்டியல் போட்டவர் இணையத்தில் யாரோ ஏற்றிய தலைப்பைப் பார்த்திருப்பார். ஏற்றியவர், "நல்லா இருக்கு, எழுபதுகள், அப்ப ராஜாவாத்தான் இருக்கும்" என்று முடிவு கட்டியிருப்பார்.

நான் சொல்ல வந்த வியாதி அதுதான். உங்கள் நிகழ்ச்சிகளில் எழுபதுகள் என்றால் இரண்டே அறைகள். ஒன்றில் எம்.எஸ்.வி., டி.எம்.எஸ்., சுசீலா, அதிலும் பாதி அறுபதுகளின் பாட்டு. இன்னொன்றில் 'மச்சானப் பாத்தீங்களா' தொடங்கி இளையராஜா. நடுவில் 1974, 75, 76 என்று ஒரு நடை இருக்கிறதே, அதில் யாரும் நிற்பதில்லை. அடுத்த பஸ் வரும்வரை நிழலுக்கு ஒதுங்கிய இடம் மாதிரி அந்த மூன்று வருஷத்தையும் தாண்டிப் போய்விடுகிறீர்கள்.

அந்த இடத்தில்தான் நான் வளர்ந்தேன் ஐயா.

பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். என் சித்தப்பா சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். இரண்டு குழாய், ஒரு ஆம்ப்ளிபையர், ரெக்கார்டு சுற்றுகிற பெட்டி ஒன்று, ஒரு தகர டிரங்குப் பெட்டி நிறைய பிளேட்டு. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எதுவானாலும் சைக்கிள் கேரியரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே நானும் போவேன். ஊசி மாற்றுவது, பிளேட்டைத் துணியால் துடைப்பது, உறையைத் தேடிக் கொடுப்பது என் வேலை. சின்ன பிளேட்டு என்றால் நாற்பத்தைந்து வேகத்தில் சுற்றுகிற இ.பி.; பக்கத்துக்கு இரண்டு பாட்டாக மொத்தம் நாலு. நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தாகப் படம், பாடகர், கவிஞர், இசையமைப்பாளர் பெயர் இருக்கும். எனக்கு ஆங்கில எழுத்து கூட்டிப் படிக்க வந்ததே அந்த வட்டத்தில்தான். பள்ளிக்கூட வாத்தியாருக்கு இது தெரியாது.

தெரியாத பெயரை உச்சரிக்கச் சொல்லிக்கொடுத்தது இலங்கை வானொலி. எங்கள் பக்கம் திருச்சி நிலையத்தைவிட கொழும்புதான் பளிச்சென்று கேட்கும். நடுவில் இருப்பது கடல் மட்டும்தானே. மயில்வாகனம், ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது. இவர்கள் யாரும் எங்கள் ஊருக்கு வந்ததில்லை, ஆனால் தேர்தலில் நின்றிருந்தால் டெபாசிட் போயிருக்காது. ஒரு பாட்டுக்கு முன்னால் படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று நாலையும் சொல்லி, அந்தக் கடைசி எழுத்து முடிகிற இடத்தில் சரியாக முன்னிசை தொடங்கும். நாலு பெயர் சொல்ல எத்தனை நேரம் ஆகிவிடும்? பத்து வினாடி. அந்தப் பத்து வினாடியில்தான் வி. குமார் என்று ஒருவர் இருப்பது தமிழ்நாட்டின் தென்கோடியில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவருக்கும் தெரிந்தது.

இன்றைக்கு வி. குமாரைத் தெரியுமா என்று உங்கள் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். பாலசந்தரின் மேடை நாடகங்களுக்கு இசையமைத்துக்கொண்டிருந்து, அவரோடு சேர்ந்தே சினிமாவுக்கு வந்தவர். 1974-ல் 'ராஜநாகம்' படத்தில் 'தேவன் வேதமும் கண்ணன் கீதையும்' என்று பாலசுப்ரமணியமும் சுசீலாவும் பாடியது இவர் இசை. நீங்கள் அதை அடிக்கடி போடுகிறீர்கள், பெயர் சொல்லாமல். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'ராஜநாகம்' 'நாகரஹாவு' என்ற கன்னடப் படத்தைத் தழுவியது. கன்னடத்தில் அதற்கு இசை நம் விஜயபாஸ்கர். ஒரே கதையைப் பெங்களூர்ப் பக்கம் ஒருவர் இசைத்தார், சென்னையில் இன்னொருவர் இசைத்தார், இருவரையும் நீங்கள் மறந்துவிட்டீர்கள். கணக்கு சரியாகிவிட்டது. 1976-ல் 'ஒரு ஊதாப்பூ கண் சிமிட்டுகிறது' வந்தது. அதில் ஜேசுதாஸ் பாடிய 'நல்ல மனம் வாழ்க' வி. தட்சிணாமூர்த்தி என்ற இன்னொருவர் போட்டது. அந்தப் பாட்டில் வாத்தியங்கள் எவ்வளவு ஒதுங்கி நிற்கின்றன என்று ஒரு தடவை கவனியுங்கள். குரல் நடந்துபோக வழிவிட்டு, அது நின்றால் மட்டும் ஒரு வார்த்தை பேசுகிற மாதிரி இருக்கும். தட்சிணாமூர்த்தியின் மென்மை என்று எங்கள் சித்தப்பா சொல்வார். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து, பெரியவர்கள் திண்ணையில் சாய்ந்திருக்கிற மதியத்துக்கென்றே அந்த பிளேட்டுகளைத் தனியாக எடுத்து வைத்திருப்பார்.

இன்னொரு ஆளை விட்டுவிட்டீர்கள். ஆள் இல்லை, இரண்டு ஆட்கள். சங்கர் கணேஷ் என்றால் உங்கள் நிகழ்ச்சியில் எண்பதுகளின் படங்கள் சிலதைச் சொல்லிச் சிரிக்கிறீர்கள். 1975-ல் 'பட்டிக்காட்டு ராஜா' படத்தில் 'உன்னை நான் பார்த்தது' பாட்டைக் கேட்டுவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

இனி வாணி ஜெயராம். 1971-ல் 'குட்டி' என்ற இந்திப் படத்தில் பாடி வடக்கே பெயர் வாங்கிய வேலூர்ப் பெண், நம் பக்கம் காலூன்றியது இந்த மூன்று வருஷங்களில்தான். 1974-ல் 'தீர்க்கசுமங்கலி' படத்தில் 'மல்லிகை என் மன்னன் மயங்கும்' வந்தபோது எங்கள் தெருவில் பூக்காரம்மாவே கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார். மிகை என்று நினைப்பீர்கள், நான் பார்த்தது. அதுவரை பெண் குரல் என்றால் சுசீலா, ஜானகி, ஈஸ்வரி என்று எங்களுக்குக் கணக்குத் தெரியும். இது எந்த வரிசையிலும் உட்காராத குரல். சுருதியைக் கத்தி வைத்து நறுக்கின மாதிரி அப்படி ஒரு சுத்தம். மறுவருஷம் 'அபூர்வ ராகங்கள்' வந்தது. அதில் 'ஏழு ஸ்வரங்களுக்குள்' பாடியதற்காக தேசிய விருதும் கிடைத்தது.

'அபூர்வ ராகங்கள்' பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அது 1975 ஆகஸ்டில் வந்த படம். அதே ஆகஸ்டில்தான் சென்னையில் தொலைக்காட்சி தொடங்கியது. எங்கள் ஊருக்கு அது வரப் பல வருஷம் ஆயிற்று, அது வேறு கதை. எம்.எஸ்.வி. அதற்குள் இருபது வருஷத்துக்கு மேல் இசையமைத்து முடித்திருந்தார். ஓய்ந்துபோன மனிதர் என்று இன்று எழுதுகிறார்கள். ஓய்ந்துபோனவர் செய்கிற காரியமா இது? பாலமுரளிகிருஷ்ணா உருவாக்கிய மகதி என்ற ராகத்தை எடுத்துக்கொண்டார். நாலே நாலு ஸ்வரம். ச, க, ப, நி. அதை வைத்து 'அதிசய ராகம்' என்று ஜேசுதாஸைப் பாட வைத்தார். பாட்டின் கடைசியில் கண்ணதாசன் பைரவி என்ற பெயரைக் கொண்டுவருகிற இடத்தில் ராகமும் பைரவிக்கு மாறும். கதாநாயகியின் பெயரும் அதுதான். இதெல்லாம் தெரியாமலே பட்டுக்கோட்டைப் பக்கத்து மாட்டுவண்டிக்காரர்கள் அதைப் பாடிக்கொண்டு போனார்கள். தெரிந்தபிறகு எனக்கு அது இரண்டு மடங்கு பிடித்தது. அதே படத்தில் 'கைகொட்டிச் சிரிப்பார்கள்' பாடியது ஷேக் முகமது. இந்தப் பெயரை உங்கள் வாயால் கேட்க எனக்கு எத்தனை நாள் ஆசை தெரியுமா?

முந்தைய வருஷத்து 'அவள் ஒரு தொடர்கதை'யிலும் அப்படித்தான். 'கடவுள் அமைத்து வைத்த மேடை' பாட்டில் பறவையும் மிருகமுமாகக் குரல் கொடுத்தவர் சதன். அன்றைய ஒலிப்பதிவில் பாடகர், வாத்தியக்காரர் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து வாசித்துப் பாடி முடிக்க வேண்டும். ஒருத்தர் சறுக்கினால் முதலிலிருந்து. இன்றைக்குப் போல் துண்டு துண்டாக எடுத்து ஒட்டுகிற வேலை இல்லை. பாலசுப்ரமணியம் அந்த மெட்டைச் சிந்தாமல் ஏந்திக்கொண்டு போகப் போக, பக்கத்தில் ஒரு மனிதர் கிளியாகவும் யானையாகவும் கத்திக்கொண்டிருக்கிறார். யோசித்துப் பாருங்கள். சதன் பெயரைச் சொல்லாமல் அந்தப் பாட்டைப் போடுவது, நாதஸ்வரக்காரருக்குச் சன்மானம் கொடுத்துவிட்டு தவில்காரரைச் சாப்பிடாமல் அனுப்புகிற மாதிரி.

குரல்கள் மாறிக்கொண்டிருந்த காலம் அது. மாறின விதம் எம்.ஜி.ஆர். படங்களிலேயே தெரியும். 'நினைத்ததை முடிப்பவன்' படத்தில் 'கண்ணை நம்பாதே' என்று டி.எம்.எஸ். முழங்குவார். 'நேற்று இன்று நாளை'யில் அதே முகத்துக்கு 'பாடும்போது நான் தென்றல் காற்று' என்று பாலு. 'உரிமைக்குரல்' படத்தில் 'விழியே கதை எழுது' என்று ஜேசுதாஸ். 'பல்லாண்டு வாழ்க'வில் கே.வி. மகாதேவன் இசையில் 'ஒன்றே குலமென்று பாடுவோம்' அதுவும் ஜேசுதாஸ். எல்லாம் 1974, 75-க்குள். எங்கள் ஊர் ரசிகர் மன்றத்தில் இதனால் பெரிய சண்டை. தலைவருக்கு டி.எம்.எஸ். தவிர யாரும் பாடக் கூடாது என்று ஒரு கட்சி. தலைவரே ஒத்துக்கொண்டாரே என்று இன்னொரு கட்சி. கொடை நாளில் எந்த பிளேட்டை முதலில் போடுவது என்று சித்தப்பாவின் சட்டையைப் பிடித்தார்கள். அவர் நிதானமாக 'நாளை நமதே' படத்தின் 'அன்பு மலர்களே'யைப் போட்டார். அதில் டி.எம்.எஸ்ஸும் பாலுவும் சேர்ந்தே பாடியிருப்பார்கள். சண்டை நின்றது.

அந்தப் படம் 'யாதோன் கீ பாராத்' என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவம். அந்த வருஷங்களில் இந்திப் பாட்டு எங்கள் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது உண்மை. 'பாபி'யும் 'ஷோலே'யும் தமிழ்நாட்டில் ஓடிய ஓட்டம் ஊரறிந்தது. கல்லூரிக்குப் போன அண்ணன்மார் கும்பகோணத்திலிருந்து லீவுக்கு வரும்போது விசிலில் ஆர்.டி. பர்மனைக் கொண்டுவருவார்கள். அர்த்தம் கேட்டால் தெரியாது. அந்த அலைக்கு எதிரே நின்றுகொண்டு, பர்மன் போட்ட அதே கட்டத்துக்கு, பிரிந்த அண்ணன் தம்பிகளைச் சேர்த்து வைக்கிற பாட்டை எம்.எஸ்.வி. தன் வழியில் போட வேண்டியிருந்தது. போட்டார். எனக்கு இந்தியைவிட அதுதான் பிடிக்கும். என் பேரன் ஒத்துக்கொள்ள மாட்டான்.

கடலுக்கு அக்கரையில் இலங்கையிலிருந்து வந்ததையும் மறந்துவிட்டீர்கள். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே', ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி'. அங்கே அதைப் பொப் இசை என்றார்கள். சினிமா இல்லை, கதாநாயகன் இல்லை, ஒரு கிடாரும் கைத்தட்டலும்தான். தமிழில் மக்கள் பாடின பாட்டெல்லாம் சினிமாப் பாட்டுதான் என்று நீங்கள் அடிக்கடி சொல்வதற்கு இதுவே பதில்.

இளையராஜாவைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. 'அன்னக்கிளி' வந்த கோடையில் எங்கள் குழாய் வேறெதையும் பாடவில்லை. பிளேட்டு தேய்ந்து இரண்டாவது வாங்கினோம், அதுவும் தேய்ந்தது. ஜானகியின் அந்த ஆரம்ப ஹம்மிங்கைக் கேட்டதும் வயலில் நின்றவர்கள் நிமிர்ந்தார்கள். ஆனால் அவர் வானத்திலிருந்து குதித்து வந்ததாக ஒவ்வொரு ராத்திரியும் சொல்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது. ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். 1973-ல் 'பொண்ணுக்குத் தங்க மனசு' படத்தின் 'தேன் சிந்துதே வானம்' அந்தக் குழுவிலிருந்து வந்தது. ஊர்ப்புற மேளமும் 'அன்னக்கிளி'யில் முதல் தடவையாகக் கேட்டதில்லை; 1972-லேயே 'பட்டிக்காடா பட்டணமா'வில் 'என்னடி ராக்கம்மா'வுக்கு ஊரே ஆடியிருக்கிறது. 'மயங்குகிறாள் ஒரு மாது'வுக்குக் கதை எழுதிய பஞ்சு அருணாசலம்தான் அடுத்த வருஷம் 'அன்னக்கிளி'யில் ராஜாவை அறிமுகப்படுத்தினார். அந்த 'அன்னக்கிளி'யிலும் டி.எம்.எஸ். ஒரு பாட்டு பாடியிருக்கிறார், சுசீலா ஒரு பாட்டு பாடியிருக்கிறார். நீங்கள் இரண்டு அறை என்று பிரித்து வைத்திருப்பது ஒரே கூடம்.

அதே வருஷக் கடைசியில் 'மூன்று முடிச்சு' வந்தது. 'அன்னக்கிளி'க்கு அப்புறம்தான், கவனியுங்கள். 'வசந்தகால நதிகளிலே' பாட்டைக் கண்ணதாசன் அந்தாதியாக எழுதினார். ஒரு வரி முடிகிற சொல்லில் அடுத்த வரி பிறக்கும். படகில் மூன்று பேர். ஜெயச்சந்திரனும் வாணி ஜெயராமும் காதலில் பாடிக்கொண்டே போகிறார்கள். ஒருவன் தண்ணீரில் விழுந்து மூழ்குகிறான். துடுப்பு பிடித்தவன் காப்பாற்றவில்லை. அந்த இடத்தில் பாட்டைத் தொடர்வது எம்.எஸ்.வி.யின் சொந்தக் குரல், ரஜினிகாந்துக்காக. இனிமை என்று எதுவும் இல்லாத, மணலில் இழுத்த மாதிரி ஒரு குரல். அந்தாதி அறுபடாமல் தொடர்கிறது, ஆள் மட்டும் இல்லை. சங்கிலி மாதிரி எழுதின பாட்டை ஒரு கொலையின் குறுக்கே கொண்டுபோன இந்தத் துணிச்சலை நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. நீங்கள் அந்தப் பாட்டைப் போடும்போது விளம்பரத்துக்கு இடம் வேண்டி, எம்.எஸ்.வி. குரல் வருவதற்கு முன்பே குறைத்துவிடுகிறீர்கள். இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் அப்படித்தான்.

நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. பாட்டுக்கு முன்னால் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று நாலையும் சொல்லுங்கள். இணையத்தில் கிடைப்பதை நம்பாமல், படத்தின் பெயர் ஓடுகிற எழுத்துகளையோ பழைய இசைத்தட்டின் உறையையோ ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் இந்த மூன்று வருஷத்துக்கென்று ஒதுக்குங்கள். பாட்டுக்குப் பஞ்சம் வந்தால் சொல்லி அனுப்புங்கள். சித்தப்பா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. டிரங்குப் பெட்டி என்னிடம் இருக்கிறது. கீறல் விழுந்தவை போக நாற்பது, ஐம்பது தேறும். ஊசிதான் கிடைக்கவில்லை.

அந்தப் பெண்ணிடம் ஒன்று சொல்லுங்கள். 'மயங்குகிறாள் ஒரு மாது'வில் வாணி ஜெயராம் பாடிய இன்னொரு பாட்டு இருக்கிறது, 'ஒருபுறம் வேடன்' என்று. வருகிற வெள்ளிக்கிழமை ராத்திரி அதைப் போடச் சொல்லுங்கள். போடுவதற்கு முன்னால் விஜயபாஸ்கர் என்று அவர் குரலில் சொல்ல வேண்டும். நான் விழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

இப்படிக்கு,
பட்டுக்கோட்டைப் பக்கத்து நேயர் ஒருவன்